மத்தியானம் ரெண்டு மணி ஸ்னோ

ஜனவரி 16, வெள்ளி

ஃப்ரீமாண்ட் 48 டிகிரி ஃபாரன்ஹீட், மேகம். மலை: பேஸ் (தரையில கெடக்கற ஸ்னோ) 61 இன்ச், புதுசு 0, உச்சில காத்து 20. வெயில். பத்து நாளா இதேதான்.

செய்ய வேண்டியது:
- அத்தைக்கு பி.பி. மாத்திரை
- கறுப்பு எள்ளு, இந்தியன் ஸ்டோர்
- மேனேஜருக்கு லீவ் மெயில்
- கார் டயர் செக்

காலைல எழுந்ததும் மலையோட ஸ்னோ ரிப்போர்ட் பாக்கற பழக்கம் போகல. நான் ஒரு நாளும் ஸ்கீ பண்ணதில்ல. என் பொண்டாட்டி பவிதான். மூணு வின்டர். அவ மேல, நான் கீழ லாட்ஜ்ல லேப்டாப்போட. சாயங்காலம் மூஞ்சியெல்லாம் செவந்து போய் வருவா. "இன்னிக்கு நாலு தடவதான் விழுந்தேன்." அதுவே பெரிய சாதனை மாதிரி.

அத்தை வந்து பன்னெண்டு நாள். பவியோட அம்மா. கோபியிலேர்ந்து தனியா. மாமாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கறதால ஃப்ளைட் வேண்டாம்னுட்டாங்க. பொண்ணு போன ஊர்லதான் வருஷத் திதி குடுக்கணும்னு அத்தை பிடிவாதம்.

மலைக்கு ஒரு ஃபோன் நம்பர் இருக்கு. அடிச்சா அன்னன்னிக்கு ஸ்னோ ரிப்போர்ட்ட ஒரு பையன் ரெக்கார்ட் பண்ணி வச்சிருப்பான். இன்னிக்கு ஸ்பீக்கர்ல போட்டேன். அத்தை வெங்காயம் அரிஞ்சிட்டிருந்தாங்க.

"ஏனுங் மாப்ள, யாருங்க இந்தப் பையன்? தெனமும் இம்புட்டு சந்தோசமாப் பேசறான். கண்ணாலம் ஆகலீங்களா?"

சிரிப்பு வந்திருக்கணும். வரல.

கோபிக்காரங்க நாய்க்குக் கூட 'ங்க' போடுவாங்கன்னு பவி சொல்லுவா. நான் அம்பத்தூர். எனக்கு ஆறு வருஷமா இந்த மரியாதைய எங்க வைக்கறதுன்னே தெரியல. இப்ப இன்னும் மோசம்.

எல்லாரும் நம்பறது: போன வருஷம் ஃபோர்காஸ்ட் தப்பாப் போச்சு. ராத்திரி வர வேண்டிய ஸ்டார்ம் மத்தியானமே வந்துருச்சு. மலைக்குப் போற வழியில நாங்க நடுவுல மாட்டிக்கிட்டோம். ட்ரக் சறுக்கி வந்து பவி உக்காந்திருந்த பக்கம் இடிச்சுது.

நடந்தது: ஃபோர்காஸ்ட் சரி. நான் தப்பாப் படிச்சேன்.

இத எங்கயும் எழுதினதில்ல. இப்ப எழுதியாச்சு. ஒண்ணும் ஆகல. டிஷ்வாஷர் ஓடுது.


ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. 52, வெயில். மலை: பேஸ் 60. உருகுது.

அத்தை பால்கனில காக்காவுக்குச் சோறு வச்சாங்க. பறவைக்குத் தீனி போடாதீங்கன்னு அபார்ட்மென்ட் ஆஃபீஸ்லேர்ந்து ஏற்கனவே ஒரு மெயில் வந்திருக்கு. சொல்லல. காக்கா வரல. அணில் வந்துது.

"தின்னுட்டுப் போச்சுங்க மாப்ள. இந்த ஊர்ல காக்காயோட வேலையும் இதேதான் பாக்குதாட்ட இருக்குது."

அப்பறம் பிரபுவோட ஸ்பீக்கர்ல. பிரபு பவியோட தம்பி, கோபியிலதான். திதி எந்த நாள்னு சண்டை.

பிரபு: பஞ்சமி. ஜோசியரே குறிச்சுக் குடுத்துட்டாரு. இந்த மாசம் பஞ்சமி வெள்ளிக்கிழமை.
நான்: சதுர்த்தி. வியாழன்.

அவங்களுக்குச் செய்தி போனது அங்க ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு. அப்ப பஞ்சமி பொறந்தாச்சு. ஆனா பவி போனது இங்க சனிக்கிழமை மத்தியானம் 3:40. பதிமூணரை மணி நேரம் கூட்டினா அங்க ஞாயிறு விடியக்காலை 5:10. அன்னிக்கு கேலண்டர்ல சதுர்த்தி காலை ஒம்போது சொச்சம் வரைக்கும். அதனால சதுர்த்தி.

பிரபு: "மச்சான், செத்துப் போனதுக்குக் கூடவா டைம் ஸோன் பாப்பீங்க?"
அத்தை: "வாய மூடு சாமி. மாப்ள கணக்குல புலி. அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கணக்குல புலி. பாத்ரூம் போய்க் குழாயத் தொறந்து விட்டுட்டு நின்னேன்.

அதே கணக்குதான். அதே கூட்டல் கழித்தல்தான். ஃபோர்காஸ்ட் டேட்டா எல்லாம் உலகப் பொது நேரத்துல வரும், லண்டன் கணக்கு. இங்கத்த நேரத்துக்கு எட்டு மணி கழிக்கணும். அத எடுத்துக் காமிக்க நான் எழுதின சின்ன ப்ரோக்ராம், ஸ்க்ரிப்ட், அத போன ஜனவரி கடைசில மாத்தி எழுதினேன். அந்த ஒரு வரி விட்டுப் போச்சு. ஸ்னோ ஆரம்பம் 22ன்னு காமிச்சுது. ராத்திரி பத்துன்னு படிச்சேன். மத்தியானம் ரெண்டு.

இது கூடப் பரவால்ல. பரவால்லன்னு எழுதறேன் பாரு.

பவி கேட்டா. ஷூ லேஸ் கட்டிட்டே. "மலையோட பேஜ்ல மத்தியானம்னு போட்ருக்காங்களே?" நான் சொன்னேன்: "அத எவனோ இன்டர்ன் டைப் பண்ணியிருப்பான். என்னோடது ரா டேட்டா. அவங்க பேஜ நம்பாத." சரின்னா. பதினோரு மணிக்குக் கெளம்பினோம். அவ சாப்ட்டு முடிக்கட்டும்னு நான்தான் லேட் பண்ணேன்.


ஜனவரி 19, திங்கள்

லீவு நாள். 50. மலை: பேஸ் 60, புதுசு 0.

வருது. வாரக் கடைசில பெரிய ஸ்டார்ம். எல்லா மாடலும் ஒத்துப் போகுது. மலைல நாலடி, சிலது அஞ்சடி. ஸ்னோ விழற உயரம் அஞ்சாயிரம் அடி வரைக்கும் எறங்கும். அப்படின்னா மலைப் பக்கம் ஃப்ரீவே முழுக்க ஸ்னோ.

ஃபோன் பையனுக்குத் தலைகால் புரியல. "இட்ஸ் கம்மிங், ஃபோக்ஸ்!"

அத்தை மதியம் சாப்பாடு போட்டுட்டே: "மாப்ள, என்னைய ஒரு தடவ அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

சாதத்தப் பெசஞ்சிட்டே இருந்தேன்.

"அவ போன எடத்தப் பாக்கோணும்னு இல்லீங்க. கோபில பொறந்த புள்ள, ஐஸ் பொட்டி தொட்டாலே தும்முவா. அப்படி என்னதான் இருக்குது அங்கன்னு ஓடிட்டே இருந்தா? அத ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும். எள்ளும் தண்ணியும் அங்கயே விட்டுறலாமுங்க."

ஸ்டார்ம் வருது அத்தைன்னேன்.

"எப்பங்க?"

பாத்துச் சொல்றேன்னேன். பவிகிட்ட சொன்ன அதே வார்த்தைய மறுபடி சொல்லிட்டேன்.


ஜனவரி 20, செவ்வாய்

மழை லேசா. மலை அதேதான்.

ஆஃபீஸ்ல ஸ்டாண்ட்-அப், தெனமும் காலைல நடக்கற குட்டி மீட்டிங். "வேலைல எதாவது தடங்கல்?" இல்லன்னேன்.

ஸ்டார்ம் ஆரம்பம் - நாலு தடவ பாத்தது:
காலை 6 - வெள்ளி 02. எட்டு கழிச்சா வியாழன் சாயங்காலம் ஆறு.
காலை 10 - அதே.
மதியம் - வெள்ளி 00. வியாழன் நாலு.
சாயங்காலம் - 00.
கையில, பேப்பர்ல கழிச்சேன். கால்குலேட்டர்ல கழிச்சேன். மலையோட பேஜ்: "வியாழன் பிற்பகல் கடைசில." ஒத்துப் போகுது. வெதர் ஆஃபீஸ்காரங்களும் அதேதான். நாலு எடத்துல ஒண்ணே.

வியாழன் விடியக்காலை நாலரைக்குக் கெளம்பினா ஒம்போதுக்குள்ள மேல. பதினொண்ணு, மிஞ்சிப் போனா பன்னெண்டுக்கு எறங்கிட்டா நாலு மணி நேரம் கையில.

சதுர்த்தியும் வியாழன். அதான் உறுத்துது. நான் நேர்மையாத்தான் கணக்குப் போட்டேனா, இல்ல ஸ்டார்முக்கு முன்னாடி வர்ற நாளா பாத்துத் திதிய இழுத்து வச்சேனா? திரும்பவும் போட்டேன். சதுர்த்திதான். திரும்பவும் போட்டேன்.

அந்தப் பழைய ஸ்க்ரிப்ட் இன்னும் அப்படியே கெடக்கு. டெலிட் பண்ணல. சரியும் பண்ணல. ஒரு வரி.

சொல்லிடணும். சொன்னா, பவியப் பத்தி எங்கூட தெனமும் பேசற ஒரே ஆளும் போயிடும். எங்கம்மா ஃபோன்ல "மறந்துட்டு வேற வழி பாருடா"ன்றாங்க. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கிரிக்கெட் பேசறாங்க. அத்தை மட்டுந்தான் பவி ஏழாங்கிளாஸ்ல கணக்குல ஃபெயிலானதப் பத்தி பேசறாங்க.


ஜனவரி 21, புதன்

47. மேகம். மலை: பேஸ் 60, காத்து 35. கூடுது.

வாங்கினது: டயர் செயின் (ஸ்னோல சறுக்காம டயர்ல மாட்டறது, புதுசு), ஃப்ளாஸ்க், அத்தைக்குக் கையுறை.
எடுத்து வச்சது: எள்ளு, பச்சரிசி, பித்தளைச் சொம்பு, பவியோட நீல ஜாக்கெட். அத்தைக்குப் போட வேற எதுவும் இல்ல.

ஜாக்கெட் பாக்கெட்ல லிப் பாமும், மலை மேல ஏத்தி விடற லிஃப்ட்டுக்கு ஒரு டிக்கெட்டும். அத்தை ரெண்டையும் பாத்துட்டு மறுபடி பாக்கெட்லயே வச்சுட்டாங்க. "இருக்கட்டுங்க. அவ வச்ச எடத்துலயே இருக்கட்டும்."

பிரபு மெசேஜ்: "மச்சான், ஜோசியர் கோவிச்சுக்கிட்டாரு 😀 பரவால்ல. பாத்துப் போங்க. அம்மாவுக்குச் சளி புடிக்காமப் பாத்துக்கங்க."

ஃபோர்காஸ்ட் அதேதான். நாலு மணி.


ஜனவரி 22, வியாழன்

எழுதிடறேன். வரிசையா.

4:30 கெளம்பியாச்சு. அத்தை முன் சீட். அந்தப் பக்கம். பின்னாடி உக்காருங்கன்னு சொல்ல வாய் வரல.

வானம் தெளிவு. ரோடு காஞ்சிருந்துச்சு. மலை ஏறும்போது வெளிச்சம் வந்துருச்சு. ஒவ்வொரு வளைவுலயும் "இதுங்களா?" "இல்ல அத்தை." "இதுங்களா?" "இல்ல." அப்பறம் நான், "இது." நிறுத்த முடியாது அங்க. அத்தை கழுத்தத் திருப்பிப் பாத்துட்டே வந்தாங்க, வளைவு மறையற வரைக்கும். அங்க ஒண்ணும் இல்ல. ரெண்டு ரிஃப்ளெக்டர் கம்பி.

8:50 மலை. பார்க்கிங்ல கூட்டம், எல்லாரும் ஸ்டார்முக்கு முன்னாடி வந்தவங்க. பழகறவங்களுக்குன்னு ஒரு சின்ன சரிவு இருக்கு, ரப்பர் பெல்ட் மேல நின்னா அதுவே மேல கொண்டு போய் விடும். அங்க கூட்டிட்டுப் போனேன். பவி ஆரம்பிச்ச எடம். நாலஞ்சு வயசுப் பசங்க கோழிக்குஞ்சு மாதிரி. நடுவுல ஒரு பெரிய பொம்பள விழுந்து விழுந்து எந்திரிச்சிட்டிருந்தாங்க.

அத்தை ரொம்ப நேரம் அந்தம்மாவையே பாத்தாங்க.

"எந்திரிச்சு என்ன பண்றாங்க?"
"மறுபடி மேல போவாங்க."
"மறுபடி வந்து விழுவாங்களா?"
"ஆமா."
"இதுக்குத்தானா," ன்னாங்க. சிரிச்சாங்க. "இதுக்குத்தானா கழுதை!" அப்பறம் அந்த நீல ஜாக்கெட் கைய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டாங்க.

பார்க்கிங் ஓரம், ஸ்னோ தள்ளி மேடா இருந்த எடத்துல எள்ளும் தண்ணியும் விட்டேன். அத்தை பக்கத்துல நின்னாங்க. வெள்ளைல கறுப்பு எள்ளு அப்படியே தெரிஞ்சுது. தண்ணி உள்ள எறங்கவே இல்ல, அதுக்குள்ள உறைஞ்சுது. ஆரஞ்சு கோட் போட்ட ஒரு ஆள் வந்து, "எவ்ரிதிங் ஓகே, மேம்?" அத்தை: "ஓகே ஓகே. மை டாட்டர்." அந்தாளு சுத்திப் பாத்தான், எந்த டாட்டர்னு. அப்பறம் தொப்பியக் கழட்டிட்டு நின்னான். எதுக்குன்னு அவனுக்கே தெரியாது.

10:40. முதல் பொட்டு என் கண்ணாடில விழுந்துச்சு. மரத்துலேர்ந்து விழுதுன்னு நெனச்சேன். மேல பாத்தேன். மேற்கே ஒண்ணும் தெரியல, வெறும் சாம்பல்.

ஃபோன எடுத்தேன். நாலு மணி. இன்னமும் நாலு மணின்னுதான் இருந்துச்சு. எல்லாத்துலயும்.

கார்ல ஏறி பதினோரு மணிக்கு ஃப்ரீவே. செயின் செக் பண்ற எடத்துல ரெண்டு மைலுக்கு லைன். வைப்பர் ஃபுல் ஸ்பீடு. முன்னாடி காரோட செவப்பு லைட் மட்டும்.

அத்தை கண்ணாடிய உள் பக்கமா தொடச்சிட்டே: "ஃபோர்காஸ்ட்டு தப்பாப் போச்சுங்களா மாப்ள? அன்னைக்கு மாதிரியே."

ஆமான்னு சொல்லியிருக்கலாம். இன்னிக்கு அது நெசமும் கூட.

"இன்னிக்குத்தான் தப்பு அத்தை. அன்னிக்கு சரியாத்தான் சொல்லியிருந்தாங்க."

சொல்லிட்டேன். 22. எட்டு கழிக்காதது. விட்டுப் போன வரி. ஆஃபீஸ்ல மேனேஜருக்கு ரிப்போர்ட் குடுக்கற மாதிரி, வரிசையா, குரல் கூட மாறாம. அவங்களுக்குப் புரியுமான்னு ஞாயித்துக்கிழமைத் திதிக் கணக்க வச்சே சொன்னேன். புரிஞ்சுது. நல்லாப் புரிஞ்சுது.

"அவ எதாச்சும் கேட்டாளா?"
"கேட்டா."
"என்னன்னு?"
"மலைக்காரங்க மத்தியானம்னு போட்ருக்காங்களேன்னு."
"நீ என்ன சொன்னே?"

நீ. ஆறு வருஷத்துல முதல் தடவ.

"அவங்க பேஜ நம்பாதன்னு சொன்னேன்."

கார் நாலடி நகந்துச்சு. நின்னுச்சு. செயின் செக் ஆள் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ட்ரைவ் சேஃப்ன்னுட்டுப் போனான்.

பத்து மைல் தாண்டித்தான் பேசினாங்க. ரோட்டையே பாத்துட்டு.

"இது கோபிக்குப் போகக் கூடாது. அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே முடிஞ்சிரும். பிரபுக்கும் தெரியக் கூடாது. நீ சாகற மட்டும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சரிங்க அத்தை."

"அத்தைன்னு கூப்புடாத."

வளைவு வந்துச்சு. இதுங்களான்னு கேக்கல. தெரிஞ்சு வச்சிருந்தாங்க. கண்ண மூடிக்கிட்டாங்க.

வீடு வர்றப்ப நாலரை.


ஜனவரி 23, வெள்ளி

மழை. 46. மலை: புதுசு 31 இன்ச். ஃப்ரீவே ரெண்டு பக்கமும் மூடிட்டாங்க. நாலு லிஃப்ட்தான் ஓடுது.

நேத்து அவங்க நாலு மணின்னு சொன்னது எப்படித் தப்பாச்சுன்னு வெதர்காரங்களே ஒரு நோட் போட்டிருக்காங்க. ஸ்டார்முக்கு முன்னாடி ஓடி வந்த ஒரு சின்ன மேகப் பட்டையாம். யாருக்கும் தெரியலயாம். ரெண்டு தடவ படிச்சேன். இந்த நோட் போன வருஷத்துதா இருந்திருந்தா.

அத்தை ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. (என்னன்னு எழுதறது. அத்தைன்னுதான் எழுத முடியுது.) பத்து மணிக்கு வெளிய வந்து ரசம் வச்சாங்க. ஒரு தட்டு எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. மிச்சம் அடுப்பு மேல. எனக்கா, மிச்சமான்னு தெரியல. சாப்பிடல.

சாயங்காலம் ஃப்ளைட் டிக்கெட்ட நீட்டி, "இத முன்னாடி மாத்த முடியுமா?" மாத்தினேன். செவ்வாய்க்கிழமை. விண்டோ சீட்டா ஐல் சீட்டான்னு கேக்கணும். கேக்கல. ஐல் போட்டேன், முட்டி வலிக்கு.

ஆஃபீஸ் மெயில் 64. ஒண்ணு கூடத் தொறக்கல.

சொன்னா லேசாகும்னு எங்கயோ படிச்சது. இல்ல. முன்னாடி எங்கிட்ட ஒருத்தன்கிட்டதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு பேர்கிட்ட முழுசா இருக்கு. பாதி ஆகறதில்ல.


ஜனவரி 24, சனி

மழை விடல. 45. மலை: ரெண்டு நாள்ல 52 இன்ச். இன்னமும் வருது. ரோடு மூடித்தான் இருக்கு.

காலைல ஆறரை, பிரபு ஃபோன். அத்தை சமையல் ரூம்ல, ஸ்பீக்கர்ல. நான் ஹால்ல. எல்லாம் கேட்டுச்சு.

"ஏம்மா, ரெண்டு வாரம் முன்னாடியே வர்றீங்களாமா?"
"முட்டி வலி சாமி. குளுரு ஒத்துக்கல."
"மச்சானத் தனியா உட்டுட்டு வர்றீங்க?"
"அவருக்கு வேலை இருக்குதல்லோ."

மாமாவோட இருமல் பின்னாடி. மாத்திரை போட்டாரான்னு கேட்டாங்க. போட்டாராம்.

"அங்க மலைல பயங்கரப் பனியாமா? நியூஸ்ல காட்டறான்."

"ஆமா சாமி. நாங்க இருக்கறப்பவே ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலம்னு சொன்னது காலைலயே வந்துருச்சு. இந்த மெசினு சொல்றதெல்லாம் இப்படித்தான். அன்னைக்கும் இதே கதைதான். மாப்ள பாவம், அவரு என்ன பண்ணுவாரு."

குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. நல்லா சொன்னாங்க. நான் சொன்னத விட நல்லா.

அப்பறம் ஹாலுக்கு வந்து ஃபோன நீட்டினாங்க. என்னப் பாக்கல. சுவத்தப் பாத்துட்டு:

"இந்தாங்க மாப்ள, பேசுங்க. பிரபு கேக்கறான்."

வாங்கினேன்.

"மச்சான், நல்லாயிருக்கீங்களா? அப்பா பக்கத்துல இருக்காரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அம்மா சொன்னாங்க. அன்னைக்கும் இப்படித்தான், சொல்லாம கொள்ளாமதான வந்துச்சு?"

அத்தை போகல. அங்கயே நின்னாங்க, நான் சொல்ற வரைக்கும்.

"ஆமா பிரபு," ன்னேன். "சொல்லாமதான் வந்துச்சு."